யாரிடம் முதலில் சொல்வது

ஆம்பூர்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

எழிலின் அப்பாவுக்கு அம்பிகா வணக்கத்துடன் எழுதுவது.

நானும் பிள்ளையும் இங்கே சுகமாக இருக்கிறோம். உங்கள் முழங்கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "அதெல்லாம் போய்டுச்சி" என்பீர்கள். நீங்கள் அப்படிச் சொன்னால் வலி அப்படியே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தைலம் கொடுத்து அனுப்புகிறேன். பூசிக்கொள்ளுங்கள், ஜன்னலில் வைத்து அழகு பார்க்காதீர்கள். கூடவே இட்லிப் பொடியும் இருக்கிறது. அதை மட்டும் சொல்லாமலே தீர்த்துவிடுவீர்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்களும் நானும் எங்கே பேசுகிறோம்? இந்த ஒற்றை அறையில் ஸ்பீக்கர் போட்டு நடுவில் வைத்துவிட்டு மூன்று பேராகத்தான் பேசுகிறோம். பாதி நேரம் உங்கள் எத்தியோப்பியா நெட் அறுந்து, "கேக்குதா, கேக்குதா" என்று கேட்பதிலேயே போய்விடுகிறது. எனக்கு நிதானமாகச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நம் தெரு முனீர் அகமது பாய் லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே கிளம்புகிறார். தோல் பதனிடுகிற உங்கள் ஷாப்புக்கே, உங்கள் அறைக்கே வருகிற மனிதர் கையில் கொடுத்தால் தபாலைவிட நம்பிக்கை. அவசரமாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள்.

எழிலின் இன்டர்வியூ பற்றித்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் போனைப் பிடுங்கி, "பா, பாஸ் பண்ணிட்டேன், மும்பை" என்று கத்தினாள், நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான். அதற்கு முன்னால் இங்கே நடந்ததை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களைக் கவலைப்படுத்தக் கூடாது என்று இரண்டு பேரும் பேசாமலே ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். இந்த வீட்டில் அது ஒரு வியாதி.

முதலிலிருந்து சொல்கிறேன். மும்பையில் ஒரு நிதி கம்பெனி. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு கம்பெனியின் வரவு செலவைப் பார்த்து, இது நிற்குமா விழுமா, எதைப் பெருக்கலாம், எதைக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிற வேலையாம். வேலூரில் இவள் படிக்கிற கல்லூரியிலிருந்து இதுவரை ஒரே ஒருவன்தான் அங்கே போயிருக்கிறான், நவீன்குமார் என்று இவளுக்கு சீனியர். அவன்தான் எழிலை விண்ணப்பிக்கச் சொன்னான். நேரில் போக வேண்டாம், முதலில் போனிலேயே கேள்வி கேட்பார்கள், அதில் தேறினால் எடுத்துக்கொள்வார்கள் என்றான். என்னென்ன கேட்பார்கள் என்றும் அனுப்பி வைத்தான்.

அந்தப் பையன் சொன்ன புத்திமதிகள் எனக்குப் பிடித்திருந்தன. போன் இன்டர்வியூவில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதனால் உட்கார்ந்துகொண்டு பேசக் கூடாது, நின்றுகொண்டு பேச வேண்டும். படுத்துப் பேசினால் குரலும் படுத்துவிடும். சிரித்துக்கொண்டே பேச வேண்டும், சிரிப்பு குரலில் கேட்கும். இதை எழில் சொன்னபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் எப்போது படுத்துக்கொண்டு பேசுகிறீர்கள், எப்போது எழுந்து உட்கார்கிறீர்கள் என்று எனக்கு இங்கிருந்தே தெரியும். அதற்குப் பாடம் நடத்துகிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது.

பழகுவதற்கு யாராவது தெரியாத ஆள் மாதிரி போன் செய்து கேள்வி கேட்க வேண்டுமாம். தோழிகள் என்றால் சிரித்துக் கெடுத்துவிடுகிறார்கள் என்றாள். நான் கேட்கிறேன் என்றேன். கேள்விகளை இங்கிலீஷிலேயே, ஆனால் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எனக்கு நேரம் கிடைப்பது சாப்பாட்டு வேளையில்தான். காலையில் ஷூ கம்பெனி கேட்டில் ஒப்படைக்கிற போனைச் சாப்பாட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்து, "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று நான் ஆரம்பித்தால் எங்கள் அப்பர் லைனே சுற்றி உட்கார்ந்துவிடும். ஷூவின் மேல் தோலைத் தைக்கிறவர்களுக்கு வாய்க்கும் வேலை வேண்டுமே.

இரண்டு நாளில் என்னை ஒதுக்கிவிட்டுக் கமலம் மேடம் ஆகிவிட்டாள். அவளை உங்களுக்குத் தெரியும், என் பக்கத்து மெஷின். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "வொய் ஷுட் வி டேக் யூ" என்று அதட்டுவாள். எழில் அந்தப் பக்கம் கல்லூரி வராந்தாவில் நின்றுகொண்டு மரியாதையாகப் பதில் சொல்வாள். அன்னம்மாள் அக்காவுக்கு ஒரே ஒரு கேள்விதான் வாயில் வந்தது, உன் பலவீனம் என்ன என்கிற கேள்வி. தினமும் அதையே கேட்பார். கடைசியில், எங்களைக் கேட்க உனக்கு ஏதாவது இருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்களாம், அதற்கும் ஒரு கேள்வி தயாராக வைத்திருக்க வேண்டுமாம். கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கு வருமா, மெயின் ரோட்டில்தான் நிற்குமா என்று கேள் என்றாள் கமலம். ஒரு வாரத்தில் லைன் முழுக்க இந்த இங்கிலீஷ் பரவிவிட்டது. டார்கெட் ஏன் கம்மி என்று சூப்பர்வைசர் ஜான்சன் கேட்டால், "மை வீக்னஸ் சார்" என்று ஒருத்தி தலையைக் குனிந்துகொள்வாள். அவ்வளவு சிரித்து நாளாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு கேள்வி பாக்கி இருந்தது. உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கம்பெனியைச் சொல், அதை உன் கையில் கொடுத்தால் என்ன மாற்றுவாய் என்பது. அன்று கமலம் அதைக் கேட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம். எழில் மளமளவென்று இங்கிலீஷில் பேசினாள். தடுமாற்றமே இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, முதல் இரண்டு நிமிடம்.

நமக்கு இங்கிலீஷ் தெரியாது என்று பிள்ளை நினைத்துவிட்டாள். நமக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. அப்பர், லைன், பையர், ஆர்டர், காஸ்ட், யூனிட், ஸ்டாப். இருபது வருஷமாகக் காதில் விழுகிற வார்த்தைகள். அவள் தேர்ந்தெடுத்த கம்பெனி எங்கள் கம்பெனி. ஆம்பூரில் தோல் அப்பர் தைக்கிற லைனை நிறுத்த வேண்டும், ஆர்டர் எல்லாம் துணியிலும் ரெக்ஸினிலும் செய்கிற ஷூவுக்குப் போகிறது, ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற புது யூனிட்டில்தான் பணத்தைப் போட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கமலம் ஸ்பீக்கரை அணைத்து போனை என் மடியில் வைத்தாள். ஒவ்வொருவராக டப்பாவை மூடினார்கள். எழில் மட்டும், "ஹலோ, ஹலோ, மேடம்" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டுக்கொண்டிருந்தது சன்னமாகக் கேட்டது.

கமலம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "இன்னா அம்பிகா, நாங்க கேள்வி கேட்டு ஆளாக்கினது எங்க லைனுக்கே ஆப்பு வெக்கவா?" என்றாள்.

சாயந்திரம் வேனில் போகும்போதே கதை மாறிவிட்டது. அம்பிகா மகளுக்கு ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், லைனை மூடப் போகிறார்கள், அம்பிகாவுக்கு முன்னாலேயே தெரியும் என்று பேச்சு. மறுநாள் காலையில் இரண்டு பேர், இருக்கிற வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விடலாமா என்று கூடிக்கூடிப் பேசினார்கள். பத்து மணிக்கு ஜான்சன் என்னைக் கூப்பிட்டார். யார் இந்த வதந்தியைக் கிளப்பியது, மேனேஜர் வரைக்கும் போய்விட்டது, இன்னொரு முறை இப்படி நடந்தால் என்னால் காப்பாற்ற முடியாது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். திரும்பும்போது மெதுவாக, "எந்த மாசம்னு எதுனா சொல்லுச்சா உன் பொண்ணு?" என்று கேட்டார். அந்த ஆளுக்கும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வயிறு எரிந்தது. அந்த லைனில் தைத்த கையால்தான் அவளுக்குச் சோறு போட்டேன், கல்லூரிக்கும் அனுப்பினேன். அவள் அதை மெழுகுவர்த்தி ஊதுகிற மாதிரி ஊதி அணைத்துவிட்டாளே என்று இருந்தது. அன்று ராத்திரி தட்டை வைத்த சத்தத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்படி உனக்கு இது தோன்றியது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் மோசம். ஓவர்டைம் நின்றுவிட்டது என்று நான் சொன்னேனாம். நான்கு மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றி அந்த யூனிட்டுக்கு அனுப்பினார்கள் என்று நான் சொன்னேனாம். வருஷா வருஷம் ஆர்டர் கொடுக்க வருகிற ஜெர்மன்காரன் இந்த வருஷம் வரவில்லை என்றும் நான்தான் சொன்னேனாம். சாப்பிடும்போது நான் புலம்பியதையெல்லாம் சேர்த்து வைத்து, அதோடு கடைகளில் எந்த ஷூ விற்கிறது என்று பார்த்து, கணக்குப் போட்டிருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கே அது உறைத்தது என்று நினைக்கிறேன். அதுவரை அவளுக்கு அது ஒரு நல்ல விடை, அவ்வளவுதான். கணக்கு சரியாக வந்த சந்தோஷத்தில், அந்தக் கணக்குக்குள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பதை மறந்துபோயிருக்கிறாள். முகம் சுண்டிப்போய், சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். மறுநாளிலிருந்து வேறு கம்பெனியைப் படிக்க ஆரம்பித்தாள். எல்லோரும் சொல்கிற ஏதோ ஒரு மொபைல் கம்பெனி. அவள் கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்ப்பதை நான் அடுப்பு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் சுதந்திர தினப் பேச்சை ஒப்பிப்பாளே, அதே குரல். எங்கே நிறுத்த வேண்டும் என்றுகூட மனப்பாடம் செய்திருந்தாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவள் முன்னால் நின்றேன்.

"மொத சொன்னதையே சொல்லு. இது உன் பதில் இல்ல."

அவள் முடியாது என்றாள். உன்னை எல்லோரும் திட்டுகிறார்கள், ஜான்சன் அங்கிள் திட்டினார், அதை எப்படி நான் திரும்பச் சொல்வேன் என்று அழுதாள். நான் உட்காரவைத்துச் சொன்னேன். கணக்கு தப்பென்றால் சொல்லாதே. கணக்கு சரியென்றால், எனக்காக அதை மறைக்கப் பழகாதே. இன்றைக்கு எனக்காக மறைப்பாய், நாளைக்கு உன்னைக் கட்டிக்கொள்கிறவனுக்காக மறைப்பாய், அப்புறம் உனக்கு எது தெரியும் எது தெரியாது என்பது உனக்கே குழம்பிவிடும் என்றேன். இவ்வளவு அழகாகப் பேசினேனா என்று கேட்காதீர்கள். நடுவில் இரண்டு முறை திட்டவும் செய்தேன்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தேன். மும்பைக்காரனிடம் சொல்வதற்கு முன்னால் எங்கள் லைனுக்கு நீயே வந்து தமிழில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் அரையும் குறையுமாகக் கேட்டதை வைத்துக்கொண்டு அவர்கள் தூக்கமில்லாமல் கிடக்கிறார்கள் என்றேன்.

வந்தாள். கல்லூரி இல்லாத நாள் பார்த்து, சாப்பாட்டு வேளையில் கேட்டுக்கு வெளியே அந்தச் சைக்கிள் ஸ்டாண்டுக்கே வந்து நின்றாள். உங்கள் நீலச் சட்டையைத் தைத்துக் குர்தா ஆக்கியிருக்கிறாளே, அதைப் போட்டுக்கொண்டு. கைகளைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள். ஆபீஸிலிருந்து யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் தெரியாது, இது என் கணக்கு மட்டும்தான், தப்பாகவும் இருக்கலாம் என்று ஆரம்பித்து, ஏன் அப்படி நினைத்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். யாரும் அவசரப்பட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், நாமாக விட்டுப்போனால் கிடைக்க வேண்டிய நஷ்ட ஈடு கிடைக்காது என்றும் சொன்னாள்.

கேள்விகள் வந்தன பாருங்கள். மும்பைக்காரன் அப்படிக் கேட்டிருக்க மாட்டான். இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று ஒருத்தி. அந்த யூனிட்டில் நம்மை எடுத்துக்கொள்வார்களா, சின்னப் பெண்களைத்தான் எடுப்பார்களா என்று ஒருத்தி. அவள் பெரும்பாலும் தெரியாது, தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றுதான் சொன்னாள். கடைசியில் அன்னம்மாள் அக்கா எழுந்து வந்தார். வழக்கமான பலவீனக் கேள்வியைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எழிலின் கன்னத்தைப் பிடித்து, "நல்லதோ கெட்டதோ, நேரா வந்து சொன்ன பாரு, அது போதும்மா. கேட்ல நோட்டீஸ் ஒட்டிப் பாக்கறத விட இது தேவல" என்றார். அவர் முன்னால் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் நடந்தது. டப்பாவோடு வேலைக்கு வந்தவர்கள், பூட்டிய கேட்டில் பேப்பரைப் படித்துவிட்டு டப்பாவோடு திரும்பிப் போனார்கள்.

கமலம் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள்தான் மறு வாரமே ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்த யூனிட்டுக்குப் போய், யாரைப் பார்க்க வேண்டும், எந்த மெஷின் தெரிந்தால் எடுப்பார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் சொன்னாள். இப்போது என்னோடு பேசுகிறாள். எழில் தேறியதும், "எங்ககிட்ட பாஸ் பண்ணவ அவங்ககிட்ட பண்ண மாட்டாளா" என்று லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இனி இன்டர்வியூ நாளைச் சொல்கிறேன். நம் வீட்டில் பேச முடியாது. பின்னால் ரயில், முன்னால் பிரியாணிக் கடை, மேலே தண்ணீர் டேங்க் போடுகிற வேலை. இது எல்லாவற்றையும் எத்தனை வருஷமாகக் கேட்கிறோம், ஒருநாள் அமைதி வேண்டும் என்று தேடும்போதுதான் எவ்வளவு சத்தத்தில் குடித்தனம் நடத்துகிறோம் என்று தெரிந்தது. முனீர் அகமது பாய் வீட்டு மாடி அறையைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு என்று மெத்தையும் ரஜாய்ப் போர்வையும் கூரைவரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே பேசினால் சத்தம் வெளியே போவதும் இல்லை, உள்ளே வருவதும் இல்லை. ஜன்னல் ஓரத்தில் டவர் நன்றாக எடுக்கிறது. நான் லைனில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் படிக்கட்டின் கீழே காவலுக்கு உட்கார்ந்தேன். பாயும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு டீயோடு உட்கார்ந்தார்.

மேலே போன் அடித்தது. கதவை லேசாகத் திறந்தே வைத்திருந்தாள் போல, குரல் படிக்கட்டில் இறங்கி வந்தது. நின்றுகொண்டுதான் பேசினாள், அது தெரிந்தது. நான் பதற்றத்தை மறைக்க பாயிடம் பேச்சுக் கொடுத்தேன். பங்குனியோடு இவர் ஒப்பந்தம் முடிகிறது, சித்திரையில் வந்துவிடுவார், வந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், நீங்கள் திரும்பிப் போனால் அறையில் தனியாக இருக்க வேண்டியிருக்குமே பாய் என்றேன். பாய் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்ஷா அல்லாஹ் என்றார். அப்புறம் டம்ளரை எடுத்து வைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. மேலே அவள் அந்தப் பதிலை ஆரம்பித்திருந்தாள்.

அதே பதில்தான். அப்பர், லைன், ஸ்டாப். தடுமாறவில்லை. நான் புடவை முந்தியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த முறை எனக்கு வயிறு எரியவில்லை, ஆனால் லேசாக வலித்தது. உங்கள் முழங்கை மாதிரிதான், போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில், எங்களைக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று அந்த மும்பைக்காரர் கேட்டிருக்கிறார். நவீன்குமார் சொல்லிக் கொடுத்த கேள்விகள் இரண்டு இவளிடம் தயாராக இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு. நான் கீழே அரைகுறையாகக் கேட்டதையும், அவள் அப்புறம் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இப்படி ஒரு லைனை நிறுத்தலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த லைனில் இருக்கிறவர்களுக்கு அதை முதலில் சொல்வது யார் என்று கேட்டிருக்கிறாள்.

அவர், அது நம் வேலை இல்லை, அந்தக் கம்பெனி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்றிருக்கிறார். ஏன் கேட்கிறாய் என்றும் கேட்டிருக்கிறார். "மை மதர் ஒர்க்ஸ் இன் தட் லைன்" என்று சொன்னது எனக்கே கேட்டது. அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் நல்லது என்றாரா, சரி என்றாரா என்று அவளுக்கே நினைவில்லை. கீழே இறங்கி வந்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. வேலை கிடைக்காதும்மா, வேண்டாததைக் கேட்டுவிட்டேன் என்றாள். போனால் போகிறது, வா, பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று அழைத்துப் போனேன்.

நான்கு நாள் கழித்து எடுத்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. சித்திரைக் கடைசியில் அங்கே இருக்க வேண்டும். தங்குவதற்குப் பெண்கள் விடுதி அவர்களே சொல்கிறார்கள். மும்பை மெயில் அரக்கோணத்தில் நிற்கிறது. உங்கள் தங்கை தனகோடி வீட்டில் முதல் நாள் தங்கி அங்கேயே ஏறிவிடலாம். வருகிறேன் என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் பதில் எழுத வேண்டும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்பதற்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "சித்திரையில நான் வந்துடுவேன், நானே உன்ன மும்பை வரைக்கும் கூட்டிம்போய் வுட்டுட்டு வரேன்" என்றீர்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். அப்பாவோடு ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று பார்த்து வைத்திருக்கிறாள். மும்பையில் கடற்கரையை உங்களுக்குக் காட்ட வேண்டுமாம். நீங்கள் அப்போது நின்றுகொண்டு பேசவில்லை. உங்கள் குரல் எனக்குத் தெரியாதா?

பாய் மேல் கோபப்படாதீர்கள். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால்தான் எனக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள், இல்லையா?

நான் சண்டை போட எழுதவில்லை. என் லைன் நின்றால் இங்கே ஒரு சம்பளம் நின்றுவிடும், பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது, அதனால் இருந்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் லைன் விஷயம் அங்கே இருக்கிற தோல்காரர்களுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும். உங்கள் கணக்கில் தப்பே இல்லை. எழிலைக் கேட்டால் அவளும் அதையேதான் சொல்வாள். நான் போட்டாலும் அதுதான் வரும், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க நீங்கள்தான் வேண்டும் என்று இல்லை. நீங்கள் இல்லாமல் மழைக்காலம் இன்னும் இரண்டு வரும் என்பதுதான் மனசில் இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எங்களுக்கு முதலில் சொல்லுங்கள். சித்திரை பிறந்து, நீங்கள் வருகிற நாளைப் பார்த்துக்கொண்டு அவள் பெட்டியோடு நிற்கும்போது, நெட் சரியில்லாத ஒரு ராத்திரியில் அரையும் குறையுமாக அது வந்து விழ வேண்டாம். அவள் அந்தச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொன்னதை நான் பார்த்தேன். அவளால் முடிந்தது உங்களாலும் முடியும். அவள் கொஞ்சம் அழுவாள், பிறகு கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வாள். மறைத்தால்தான் புரிந்துகொள்ள மாட்டாள்.

பாய் ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தைக் கொடுப்பார். திங்கட்கிழமை நீங்கள் கூப்பிடும்போது நான் மாவு அரைக்க வெளியே போய்விடுகிறேன், போன் அவள் கையில் இருக்கும். ஸ்பீக்கர் போட மாட்டாள். வர முடியாது என்பதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு, தைரியமாகப் போய்ட்டு வா என்று சொல்லுங்கள். அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால்தான் அவள் வெள்ளிக்கிழமை பதில் எழுதுவாள். நான் சொன்னால் சரி அம்மா என்பாள், ஆனால் எழுத மாட்டாள். அரக்கோணத்தில் அவளை வண்டி ஏற்றிவிட நான் இருக்கிறேன். ஜன்னல் ஓரத்தில் உங்கள் இடத்தில் இட்லிப் பொட்டலத்தை வைத்து அனுப்புகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தைலத்தைப் பூசிக்கொண்டு தூங்குங்கள். நம் குலசாமி உங்களையும் அவளையும், இரண்டு ஊரிலும், பத்திரமாக வைத்திருக்கட்டும்.

திங்கட்கிழமை போன் செய்யும்போது சிரித்துக்கொண்டு சொல்ல வேண்டாம். நின்றுகொண்டு சொன்னால் போதும்.

என்றும் உங்கள்
அம்பிகா